கிரைண்டர் மாவு செல்லாது

"ஏடாவா? மரியாதை இல்லாம யாரை மேடம் கூப்பிடறார் இவர்?"

வைத்தி காதோடு காதாகத்தான் கேட்டான். ஆனால் கரண்ட் போய் ஏ.சி.யும் நின்றுவிட்டதால், அந்தக் கண்ணாடி அறையில் கொசு தும்மினாலும் கேட்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கர்னல் சுந்தர்ராமன் திரும்பி முறைத்தார்.

"ஏடாங்கறது கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதற மொழி. எங்க பிரிவுக்கு யார் எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒரு மொழியிலதான் எழுதணும். வேற எதுவும் செல்லாது."

"அப்ப வேற மொழியில எழுதினா ஏடாகூடம்னு சொல்லுங்கோ."

சாலோமி தன் உதவியாளன் வைத்தியின் காலை ஓங்கி மிதித்தாள். வெறுங்கால் என்பதால் வலித்திருக்காது. செருப்போடு உள்ளே போனால் கம்ப்யூட்டருக்கு ஜலதோஷம் பிடித்துவிடும் என்று எல்லோரும் மனதார நம்பிய காலம் அது. கர்னலே ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

பாளையங்கோட்டையில் நேசன் சாஃப்ட்வேர் என்றால் அப்போது ஒரு கௌரவம். அதன் முதலாளி சத்தியநேசன், சாலோமி போகும் சர்ச்சில் நிர்வாகம் பார்க்கும் கைக்காரர். போலீஸ் வேலையை உதறிவிட்டு சமாதானபுரத்தில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் நிலையம் போட்டிருந்த சாலோமிக்கு, அன்று காலையில் அவரே போன் செய்திருந்தார். சாயங்காலத்துக்குள் ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும் என்றார். காலையிலிருந்து சாலோமிக்குத் தெரிந்ததெல்லாம், ராணுவ விதிகள் எத்தனை நீளம் என்பது மட்டும்தான்.

"ரெண்டாவது விதி," என்றார் கர்னல். "ப்ரோக்ராமை மனுஷன்தான் எழுதணும். ஒரு கருவியைத் தட்டிவிட்டு, அது தானாக் கக்கறதை நாங்க வாங்க மாட்டோம். அப்படியே வாங்கணும்னா அந்தக் கருவியையும் சேர்த்துக் கொடுக்கணும். அதுவும் ஏடாவிலேயே எழுதினதா இருக்கணும்."

"புரிஞ்சுடுத்து," என்றான் வைத்தி. "ஆட்டுக்கல்லுல அரைச்ச மாவுதான் செல்லும், கிரைண்டர் மாவு செல்லாது. கிரைண்டர்ல அரைச்சா கிரைண்டரையும் தூக்கிக் கொடுத்துடணும்."

"என்னத்துக்கு சார் இம்புட்டுக் கெடுபிடி?" என்றாள் சாலோமி.

"இது பீரங்கிக்கான கணக்கும்மா. குழாயை எவ்வளவு தூக்கணும், எந்தப் பக்கம் திருப்பணும்னு இதுதான் சொல்லப் போறது. பத்து வருஷம் கழிச்சு ஒரு குண்டு நம்ம ஆள் தலையிலேயே விழுந்துதுன்னா, எங்க இன்ஜினியர் ஒருத்தன் இதைப் பிரிச்சுப் படிச்சுத் திருத்தணும். மெஷின் கக்கினதை மனுஷன் படிக்க முடியாது."

இந்த ஒன்று மட்டும் சாலோமிக்கு நியாயமாகத்தான் பட்டது.

வேலையை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பிரித்து எழுதியிருந்தார்கள். ஒருத்தி பெர்லின், திசையன்விளைப் பெண். மற்றவன் ஸ்ரீராகவ், ஆழ்வார்திருநகரிக்காரன். ஒரு வருஷம் ஆகும் என்று சொன்ன வேலை அரை வருஷத்தில் முடிந்துவிட்டது. அதிலேயே கர்னலுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. நேரில் வந்து இரண்டு பாதிகளையும் அச்சடித்து வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் பெர்லினை நோக்கி விரலை நீட்டிவிட்டார்.

"இதைப் பாருங்கோ." கர்னல் இரண்டு தாள்களை சாலோமி முன்னால் போட்டார். "இது ஸ்ரீராகவோடது. வரிகள் ஏறி இறங்கி இருக்கு. நடுநடுவே தனக்குத்தானே குறிப்பு எழுதியிருக்கான். 'தலைவலி, மீதி நாளைக்கு.' 'மறுபடியும் கரண்ட் போச்சு.' இது மனுஷன். இது அந்தப் பொண்ணோடது. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் ஒரே அச்சு. ஒரு பிசிறு இல்லை. இது மெஷின்."

சுவரோரமாக நின்ற பெர்லினின் கண்கள் சிவந்திருந்தன. அழுது முடித்துவிட்டுக் கோபத்தில் நின்றாள். "அக்கா, நான் கையாலதான் எழுதினேன். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவ. எங்க இன்ஸ்டிடியூட்ல அடிச்சுத் திருத்தவே விட மாட்டாங்க. ஒரு எழுத்து தப்பினா தாளை உருவிட்டு முதல்ல இருந்து அடிக்கணும். அதே பழக்கந்தான் இங்கனயும். ஒரு வரி தப்பினாலும் முழுசையும் அழிச்சிட்டு மறுபடி எழுதுவேன்."

"ஆமா மேடம், நாங்க எல்லாரும் கேலிகூடப் பண்ணுவோம்," என்றான் ஸ்ரீராகவ் இதமான குரலில். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, முகத்தில் மாறாத சிரிப்பு. "ஆனா அதை யார் நம்புவா? பாவம்."

அந்தப் 'பாவம்' சாலோமிக்குப் பிடிக்கவில்லை.

"நம்பணும்னா இப்பமே எழுதிக் காட்டட்டும். இந்தா பிள்ளே, தாள். கரண்டு கூட வேண்டாம்." பெர்லின் நின்றபடியே பேனாவால் ஒரு பகுதியை எழுதினாள். அச்சடித்த தாளும் கையெழுத்துத் தாளும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. சாலோமி வெற்றியோடு நிமிர்ந்தாள்.

கர்னல் தலையை ஆட்டினார். "மெஷின் கக்கினதை மனப்பாடம் பண்ணியிருக்கலாம்."

"சார், படிக்க முடியணும்னுதானே உங்க விதி? எனக்கே இவ எழுதினதுதான் வாசிக்க வருது. அவரு எழுதினது கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு."

"விதி விதிதான்மா."

சாலோமிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. போலீஸில் இருந்தபோது ரவுடிகளைப் பேச வைத்திருக்கிறாள், ஊமை வேஷம் போட்ட சாட்சியைப் பாட வைத்திருக்கிறாள். சாக்ஸ் காலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு விதியை என்ன செய்வது?

சத்தியநேசன் அவளைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "கேளு சாலோமி. குற்றம் செஞ்ச ஆளை நானே நீக்கி எழுதிக் குடுத்துட்டா, அந்தப் பாதியை மட்டும் தள்ளிட்டு கம்பெனியைக் காப்பாத்துதேன்னு கர்னல் சொல்லுதாரு. சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸ்ல போறாரு. ஒரு கை இடறல் உண்டாக்கினா அதைத் தறிச்சுப் போடுன்னு வேதத்துலயே இருக்கு."

"எந்தக் கைன்னு பாத்துட்டுத் தறியுங்க அண்ணாச்சி. நீக்கினியன்னா அவளை எவன் சேப்பான்? மெஷினை வச்சு ராணுவத்தை ஏமாத்தினவன்னு வாழ்நாள் பூரா பேரு நிக்கும்."

"எனக்கு மட்டும் ஆசையா? இங்கன உள்ள எல்லாக் கம்ப்யூட்டரையும் தேடியாச்சு. அப்படி ஒரு கருவியே இல்ல."

"வெளிய ஏதும் உங்க கம்ப்யூட்டர் இருக்கா?"

"ஸ்ரீராகவ் வீட்டுல ஒண்ணு இருக்கு. ஜூன் பிறந்த அன்னைக்கு அவரு பெரியப்பா தவறிட்டாரு. பத்து நாள் காரியம். அந்தத் துக்கத்துலயும் மனுஷன் சும்மா இருக்கல. வீட்டுலயே உக்காந்து எழுதி, தெனமும் பஸ் கண்டக்டர்கிட்ட ஃப்ளாப்பியைக் குடுத்து விட்டாரு. அம்புட்டு விசுவாசம்."

"உங்க கார் சாவியைத் தாங்க அண்ணாச்சி. நான் வந்து சேருத வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதிய. ஸ்ரீராகவ் இங்கனயே இருக்கட்டும்."

சத்தியநேசனின் அம்பாசடர் பாளையங்கோட்டையை விட்டு வெளியேறுவதற்குள் இரண்டு முறை நின்றது. வைத்தி ஓட்டினான். பின் சீட்டில் அச்சடித்த தாள்கள் கட்டாகக் கிடந்தன. வழி நெடுக வாழைத் தோட்டங்கள் ஓடின. சாலோமி ஒன்றையும் பார்க்கவில்லை. எல்லோரும் பெர்லினின் பாதியையே பார்க்கிறார்கள், மற்ற பாதியை யாரும் பார்க்கவில்லை என்பதைத் தவிர அவளிடம் ஒன்றும் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஒரு பொரி கடலைகூட வாங்க முடியாது.

ஆழ்வார்திருநகரி மாட வீதியில் ஸ்ரீராகவின் மனைவி ப்ரீதா கதவைத் திறந்தாள். ஆபீஸிலிருந்து வருகிறோம், கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும் என்றதும் உள்ளே விட்டாள். கூடத்தை ஒட்டிய அறையில் ஒரு மேசை மேல், மஞ்சள் துணி போர்த்தி இருந்தது அந்தக் கம்ப்யூட்டர். ப்ரீதா துணியை விலக்கினாள். திரைக்கு மேலே, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் பளிச்சென்று ஒரு திருமண்.

"தென்கலை மேடம்," என்றான் வைத்தி பயபக்தியோடு. "பாதம் இருக்கு பாருங்கோ."

"போன வருஷம் சரஸ்வதி பூஜைக்குச் சாத்தினது. இன்னும் அழியாம வச்சிருக்கார்," என்றாள் ப்ரீதா பெருமையோடு. "சித்த இருங்கோ, கோயில் பிரசாதம் இருக்கு, கொண்டு வரேன்."

"எனக்கு வேண்டாம் மாமி. கல்லிடைக்குறிச்சியில எங்க சித்தப்பா போன வாரம்தான் தவறினார். தீட்டு. மேடத்துக்கு மட்டும் கொடுங்கோ." சொல்லிக்கொண்டே வைத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போனான்.

"ஐயையோ, தொடாதீங்கோ!" ப்ரீதா பதறிவிட்டாள். "தீட்டோட அதைத் தொடப்படாது. திருமண் சாத்தின வஸ்து. தப்பா நினைச்சுக்காதீங்கோ, எங்காத்து வழக்கம் அது."

வைத்தி நாற்காலியை விட்டு எழுந்து கூடத்துக்கே போய்விட்டான். சாலோமிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இருவரில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனை இத்தனை தூரம் இழுத்துக்கொண்டு வந்தால், தீட்டு குறுக்கே வந்து நிற்கிறது.

அப்புறம் நடந்தது ஒரு கூத்து. சாலோமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க எதை அடிக்க வேண்டும் என்று வைத்தி கூடத்திலிருந்து கத்தினான்.

"டி அடிங்கோ மேடம்! அப்புறம் ஐ! அப்புறம் ஆர்!"

"ஆர் எங்கன இருக்குலே?"

"ஈ பக்கத்துல!"

"ஈ எங்கன இருக்கு?"

கொல்லைப்புறத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி இந்தச் சத்தத்தைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். சாலோமி ஒற்றை விரலால் தடவித் தடவி அடிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி பாத்திரத்துக்குப் போய்விட்டாள். ஒருவழியாகத் திரையில் தெரிந்தது வெறும் சீட்டு விளையாட்டு ஒன்றும், ஒரு ஜாதகக் கணிப்பும்தான். மற்றபடி துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது.

"ஜூன் மாசத்துல உங்க வீட்டுக்காரர் இதுலதான் எழுதினாராம்மா?"

"ஆமாம், இங்கதான் எழுதினார்," என்றாள் ப்ரீதா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சொல்லிக் கொடுத்த பதில் என்று சாலோமிக்குப் பட்டது, ஆனால் பட்டதை எல்லாம் கர்னலிடம் காட்ட முடியாது.

திரும்பும் வழியில் ஸ்ரீவைகுண்டம் எட்டுவதற்கு முன்னாலேயே ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயிலைக் காணவில்லை. கேட்காரர் வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். சாலோமி காரை விட்டு இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். அது சாத்தாமல் திரும்பித் திறந்துகொண்டது. மறுபடி அறைந்தாள்.

"மேடம், அது அண்ணாச்சி கார். கோபத்தை நம்ம ஸ்கூட்டர் மேல காட்டலாம், நாளைக்கு."

"நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு வேலை இருக்காதுலே. அவளைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, அவ பொய் சொல்லல. தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? வாய்ப்பேச்சு அங்கன செல்லாது. மெஷினா மனுஷனான்னு கண்டுபிடிக்க எந்தக் கைரேகைய எடுக்கச் சொல்லுத?"

வைத்தி பெட்டிக்கடையில் இரண்டு டீ வாங்கி வந்தான். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து டீச் செலவை எழுதி நீட்டினான். ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு வேண்டும் என்பது சாலோமியின் கண்டிப்பு. எரிச்சலோடு வாங்கிப் பார்த்தவள் மேலும் எரிச்சலானாள்.

"என்னலே இது, மொட்டையா இருக்கு? ஊருக்கு முந்தி ஒரு சுழியைப் போட்டுட்டுத்தானே எதையும் எழுதுவ? அவசரத்துல பிள்ளையாரையும் விட்டுட்டியோ?"

"அவசரம் இல்லை மேடம், தீட்டு. தீட்டுல பிள்ளையார் சுழி போடப்படாது. சாவுக் கடுதாசியிலகூடப் போட மாட்டோம். நாமளா யோசிச்சு நிறுத்தணும்னு இல்லை. கை தானா நின்னுடும்."

சாலோமி டீயை வாய்க்குக் கொண்டு போனவள், அப்படியே நிறுத்தினாள். "ஐயங்கார் வீட்டுலயும் இப்படித்தானா?"

"அவா சுழி போட மாட்டா. ஸ்ரீன்னு எழுதி ஆரம்பிப்பா. தீட்டுன்னா அதுவும் கிடையாது."

டீ கிளாஸ் காரின் மேல் போய் உட்கார்ந்தது. சாலோமி பின் கதவைத் திறந்து தாள் கட்டைப் பிரித்தாள். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் எழுதியவர் பெயரும் எழுதிய தேதியும் இருக்க வேண்டும் என்பது ராணுவத்தின் இன்னொரு விதி. காலையில் கேட்டபோது கொட்டாவி வந்த விதி. ஸ்ரீராகவின் தாள்களை மட்டும் உருவினாள். ஜூன் பிறந்ததிலிருந்து பெரியப்பாவின் காரியம் முடிகிற வரையிலான தாள்களைத் தனியே வைத்தாள். பெயருக்கும் தேதிக்கும் மேலே, தனி வரியில், எல்லாவற்றிலும், ஆங்கில எழுத்தில், ஒரே இடத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தது ஸ்ரீ.

வைத்தி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். முதல் முறையாக அவனிடம் நக்கல் இல்லை. "மேடம், கம்ப்யூட்டருக்கே திருமண் சாத்தறவர்! என்னைத் தொடவே விடலை. அந்தாத்துல தீட்டோட எப்படி உட்கார்ந்து…"

"வண்டியைத் திருப்பு."

"கேட் திறந்துடுத்து மேடம். கர்னல் ரயிலு…"

"திருப்புலே!"

ஆழ்வார்திருநகரியில் இந்த முறை சாலோமி வாசல் பக்கம் போகவில்லை. கொல்லைப்புறம் போனாள். பாத்திரம் விளக்கிய அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு, காரின் பின் கதவை அந்த அம்மாளுக்குத் திறந்துவிட்டாள்.

நேசன் சாஃப்ட்வேர் வாசலில் கர்னல் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பெட்டி பக்கத்தில் தயாராக இருந்தது.

"கர்னல் சார், ஷூவைக் கழட்டுங்க. உள்ள வாங்க."

"ரயிலுக்கு நேரமாச்சும்மா. சத்தியநேசன் கையெழுத்துப் போட்டுண்டிருக்கார்."

சாலோமி உள்ளே ஓடினாள். சத்தியநேசன் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேளையாக மனுஷனுக்குக் கை ஓடவில்லை. சாலோமி அந்தத் தாளை அவர் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டாள். பெர்லின் அதே சுவரோரத்தில் நின்றாள். ஸ்ரீராகவ் அதே சிரிப்போடு இருந்தான். கர்னல் முனகிக்கொண்டே சாக்ஸோடு உள்ளே வந்தார்.

"ஸ்ரீராகவ், ஜூன் மாசம் வீட்டுல இருந்தப்ப நீங்களே எழுதினதுதானே இதெல்லாம்?"

"என் கையால எழுதினது மேடம்."

"தீட்டோடயா?"

"துக்கம் வேற, வேலை வேற."

சாலோமி தாள்களைக் கர்னல் முன்னால் வரிசையாக வைத்தாள். "தேதியைப் பாருங்க சார். அதுக்கு மேல என்ன இருக்குன்னும் பாருங்க."

கர்னல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். விதியின் முகம் கலைந்து, உள்ளே யாரோ வீட்டு மனிதர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "பெரியப்பா போன தீட்டுல ஸ்ரீயா? ஏன்டா, உங்காத்துல யாரும் உனக்குச் சொல்லித் தரலையா?"

"பழக்க தோஷம் சார்," என்றான் ஸ்ரீராகவ் சட்டென்று. "கை தானா வந்துடுத்து."

கர்னல் தாளைக் கீழே வைத்தார். பெருமூச்சு விட்டார். "இருக்கலாம். இதெல்லாம் சாட்சியத்துல சேராதும்மா. விதியில தீட்டுக்கு இடம் இல்லை."

பெர்லினின் முகம் ஒரு நொடி மலர்ந்து மறுபடி வாடியது. சாலோமிக்கு வந்த ஆத்திரத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பாள். அடக்கிக்கொண்டு ஸ்ரீராகவிடம் திரும்பினாள்.

"கை எப்படி சார் வந்தது? திருமண் சாத்தின அந்தப் பொட்டியைத் தீட்டோட தொடக் கூடாதுன்னு உங்க வீட்டம்மா இன்னைக்கு எங்க வைத்தியைப் பக்கத்துலயே விடல. எங்க வீட்டு வழக்கம்னு சொன்னாங்க. அந்த வழக்கம் உங்களுக்குக் கிடையாதோ? வைத்தி, ஆறுமுகத்தாயம்மாவை உள்ள கூப்பிடு."

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த அந்தக் கொல்லைப்புறத்து அம்மாள் ஆறுமுகத்தாய், திரும்ப வந்திருந்த ஏ.சி. காற்றில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஏ யம்மா, என்ன குளுரு! சாமி, நீங்களும் இங்கனதான் இருக்கியளா?"

ஸ்ரீராகவின் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

"அவங்க பெரியப்பா சாமி தவறின தீட்டுல நீங்க அங்கன என்ன செஞ்சிய, அதைச் சொல்லுங்க," என்றாள் சாலோமி.

"நான் என்னத்தைச் செஞ்சேன்? சாமி தீட்டோட தொடக் கூடாதுல்லா? அதனால என்னையச் சொல்லிச்சு. தெனமும் காலையில அந்தப் பொட்டியை எழுப்பி விட்டு, இந்தா," என்று மேசைமேல் இருந்த கீபோர்டைக் காட்டினாள், "இந்தப் பெரிய கட்டையை ஒருக்க அமுக்கச் சொல்லிச்சு. நான் அமுக்கிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போயிருவேன். அது பாட்டுக்கு எழுதிக்கிட்டுக் கெடக்கும். முடிஞ்சதும் அந்தத் தகட்டை உருவி, நாந்தான் பஸ்காரர்ட்ட குடுத்துட்டு வருவேன். சாமி அந்த ரூமு பக்கமே வரல. அம்புட்டு ஆசாரம்!"

வைத்திதான் முதலில் வாயைத் திறந்தான்.

"ஆசாரமான கிரைண்டர் சார். ஆனா பாவம், அதுக்குத் தீட்டு தெரியலை. முன்னாடியே சொல்லி வச்ச ஸ்ரீயைப் போட்டுண்டே இருந்திருக்கு."

கர்னல் இன்னொரு தாளை எடுத்தார். "அப்ப இந்த 'தலைவலி, மீதி நாளைக்கு'?"

ஸ்ரீராகவ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "அதுவும் அதோடதுதான். அந்த மாதிரி நிறைய எழுதிப் போட்டிருந்தேன். இஷ்டத்துக்கு ஒண்ணை எடுத்துச் செருகிக்கும். வரியையும் அதுவே கோணலாக்கிக்கும்." அப்புறம் குரல் உயர்ந்தது. "ஆனா ஒரு தப்பு காட்டுங்கோ சார் அதுல! கணக்குல ஒரு புள்ளி பிசகியிருக்கா? ஒரு மெஷின் சுத்தமாச் செய்யறதை எதுக்கு மனுஷன் கண்ணு நோக உட்கார்ந்து செய்யணும்? உங்க விதிதான் சார் மடத்தனம்!"

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கலாம் என்று சாலோமிக்கே தோன்றியது. அதனால் கோபம் குறையவில்லை, கூடியது.

"தப்பு கணக்குல இல்ல. காலையில இருந்து இந்தப் பிள்ளையை நிக்க வச்சுக் கேட்டோமே, அப்ப பாவம்னு சொல்லிட்டு வாயை மூடிட்டு இருந்தியளே, தப்பு அங்கன இருக்கு."

"கருவி எந்த மொழியில எழுதினது?" என்றார் கர்னல்.

"சி."

"ஏடா இல்லை. அப்ப கருவியைக் கொடுத்தாலும் செல்லாது." கர்னல் ஸ்ரீராகவின் தாள்களை மொத்தமாக அள்ளி ஓரமாக வைத்தார். பெர்லினின் தாள்களைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "இந்தப் பாதியை எடுத்துக்கறேன். அந்தப் பாதியை மறுபடி கையால எழுதணும். நீ எழுதுவியாம்மா?"

சத்தியநேசன் அவசரமாக முன்னே வந்தார். "எழுதுவா சார், எழுதுவா. நம்ம பெர்லின்தானே!"

"எழுதுதேன்," என்றாள் பெர்லின். முதலாளியை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு வேணும் சார். இத்தனை பேரு முன்னால என்னைய மெஷின்னு சொன்னிய. அது தப்புன்னு எழுதிக் குடுங்க."

"நியாயம். ஆபீஸ் போனதும் டைப் அடிச்சு அனுப்பச் சொல்றேன்."

"டைப் அடிச்சது வேண்டாம் சார். கையால எழுதுங்க."

கர்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தார். கடைசியில் பெர்லினின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வைத்தி பேனாவை நீட்டினான். சாலோமி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள்.

பேனா முதலில் தாளின் உச்சிக்குப் போய், நடுவில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டது. போட்டதை அவர் கவனிக்கவில்லை. சாலோமி கவனித்தாள், காலையிலிருந்து நெஞ்சில் கனத்துக்கொண்டிருந்த எரிச்சல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது.

கர்னல் இரண்டு வரி எழுதினார். மூன்றாவது வரியில் ஒரு வார்த்தை பிடிக்காமல் நின்றார். அதைக் குறுக்கே அடித்துவிட்டு மேலே வேறொன்றை எழுதப் போனார்.

பெர்லின் எட்டி அந்தத் தாளை உருவிக்கொண்டாள்.

"அடிச்சுத் திருத்தக் கூடாது சார். வேற தாள் தாரேன், முதல்ல இருந்து எழுதுங்க."

கர்னல் புதுத் தாளை வாங்கிக்கொண்டார். அதன் உச்சியில் மறுபடியும் ஒரு சுழி விழுந்தது.